எஞ்சினை ஏற்றும் கூலி

தனிஸ்லாஸ் பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஏதோ பெரிய காரியத்தை யோசிக்கிறார் என்று விளாங்குடியில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் நம்பியவர் தனிஸ்லாஸ்தான்.

இந்த முறை யோசிக்கக் காரணமும் இருந்தது. யுத்தத்துக்கு வண்டி போதவில்லை என்று சர்க்கார் அதிகாரிகள் ஊர் ஊராக வந்து பட்டாளத்துக்கு வண்டி பிடித்துக்கொண்டிருந்தார்கள். திருமங்கலம் மலைச்சாமி வாங்கி வருஷம் திரும்பாத லாரி, போன வாரம் போய்விட்டது. அவர் கையில் ஒரு ரசீதுதான் மிஞ்சியது.

தனிஸ்லாஸிடம் இருந்தது ஒரு வேன். மூத்த மகள் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. மகளுக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். சோழவந்தான் வெற்றிலையை வாடாமல் மதுரைக்குக் கொண்டுபோவது அதுதான். அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மார்பில் கவிழ்த்து, சாய்வு நாற்காலியில் நெடுநேரம் கிடந்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடாத வண்டியை எவன் எடுப்பான்? நல்ல எஞ்சினை இறக்கி ஒளித்துவிட்டு, செத்த எஞ்சின் ஒன்றை மாட்டி வைத்தால் தீர்ந்தது. அதிகாரி வந்து போனதும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

பிறகு செலவை யோசித்தார். பழைய இரும்புக் கடையில் செத்த எஞ்சினுக்கு ஒரு விலை. கப்பிக்கும் சங்கிலிக்கும் வாடகை. மெக்கானிக் முத்திருளனுக்குக் கூலி. அவன் வாயை மூட இன்னொரு கூலி. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். கழற்றிய எஞ்சினை இருந்த இடத்திலேயே திரும்ப ஏற்றுவதற்கும் ஒரு கூலி என்பதுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

"எறக்குறத விட ஏத்துறதுக்குக் கொஞ்சம் கூட ஆகும்ணே" என்றான் முத்திருளன்.

"அது என்னடா கூட?"

"கீழ வாரது தானா வந்துரும். மேல போறதுக்கு நாமதான தூக்கணும்."

தனிஸ்லாஸ் பதில் சொல்லாமல் மௌனமானார். சொல்வதற்குப் பதில் எதுவும் இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

"எண்ணெய வடிச்சிரவாண்ணே?"

"வேணாம். இப்ப எண்ணெய் விக்கிற வெலையில அத வேற வீணாக்கவா? அப்படியே கெடக்கட்டும்." அந்த ஒன்றிலாவது மிச்சம் பிடித்ததில் அவருக்குப் பரம திருப்தி.

எஞ்சினை ஒரு மரப்பெட்டியில் இறக்கி, வீட்டு முன்கட்டில் சுவரோரமாக வைத்தார்கள். பெட்டியின் மேல் மனைவி ஜோசபின் கையால் பூப்போட்ட வெள்ளைத் துணி. துணியின் மேல் மாதா சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. பார்த்தால் அசல் பீடம்.

"மாதாவ எஞ்சின் மேல ஏத்தி வைக்கிறீங்களே, இது அடுக்குமா?" என்றாள் ஜோசபின்.

"பேசாம இரு. சாமி இருக்குற எடத்த எவனும் கெளற மாட்டான்."

"நீங்க பேசாம இருந்து யோசிச்சதுதான இம்புட்டும்."

மறுநாள் அதிகாரி வந்தார். வெள்ளைக் கால்சட்டை, இடுக்கிய கண்கள். பெயர் ஆரோக்கியம் என்று கேட்டபோதே தனிஸ்லாஸ் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அவர் அப்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளும் முயற்சியில் இருந்தார். செலவை நினைத்ததும் அது தானாகவே அமைந்தது.

கொட்டகையில் ஆரோக்கியம் வேனைச் சுற்றி வந்து, முன்னால் ஸ்டார்ட் செய்யும் கைப்பிடியைப் போட்டுச் சுழற்றிப் பார்த்தார். வண்டி இருமக்கூட இல்லை.

"இது எந்த வருஷத்து..." என்று ஆரம்பித்தார்.

"வருஷம் என்னய்யா வருஷம், அது செத்து வெகு நாளாச்சு" என்று தனிஸ்லாஸ் குறுக்கே விழுந்தார். வாழ்நாளெல்லாம் பேசாமல் இருந்தவர், பேசாமல் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் பேசிவிட்டார்.

ஆரோக்கியம் எதையோ சொல்ல வந்து விட்டுவிட்டார். தண்ணீர் கேட்டார். வீட்டுக்குள் வந்தவரின் கண் பீடத்தில் விழுந்தது.

"நீங்களும் வேதக்காரங்களா?" என்று முகம் மலர்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு, பெட்டியை ஒட்டி முழந்தாள் போட்டார். ஜபம் நீண்டது. பட்டாளமே வந்து மண்டியிட்டுப் போகும் இடத்தில் எஞ்சினை ஒளித்த தன் மூளையைத் தனிஸ்லாஸ் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஆரோக்கியம் எழுந்தார். வெள்ளைக் கால்சட்டையின் முட்டியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. குனிந்து, பெட்டியின் அடியிலிருந்து கசிவதை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"மாதா கண்ணுல கண்ணீர் வடியும்னு கேள்விப்பட்டிருக்கேன். எண்ணெய் வடியுறத இப்பத்தான் பாக்குறேன்."

ஜோசபின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தனிஸ்லாஸ் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "தப்புத்தான்யா. என்னைய ஸ்டேஷனுக்குக்கூடக் கூட்டிட்டுப் போங்க. வேன மட்டும் எடுத்துராதீங்க. வெத்தலைதான் எங்க சோறு."

"ஒங்க வேன யாருங்க கேட்டா?" ஆரோக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பத்து வருஷத்துக்கு மேல பழசான வண்டிய எடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. ஜம்முன்னு ஓடுனாலும் தொட மாட்டோம். அதச் சொல்லத்தான் கொட்டகையில வாயத் தெறந்தேன். நீங்க விடல."

தனிஸ்லாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அந்தச் செலவும் ஞாபகம் வந்தது.

"அப்ப நாளைக்கே முத்திருளனக் கூப்புட்டு எஞ்சின ஏத்திர வேண்டியதுதான்" என்று பெருமூச்சு விட்டார். "அந்தக் கூலி ஒண்ணுதான் தண்டம்."

ஆரோக்கியம் கைக்குட்டையால் முட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அந்தக் கூலி ஒங்களுக்கு மிச்சங்க; வயசு பாக்கச் சொன்னது வண்டிக்குத்தான், கழட்டி வச்சிருக்குற எஞ்சின் எவ்வளவு பழசானாலும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க."