ஹெல்மெட்டுக்குள் ஒரு சீட்டு

திறக்கக் கூடாததைத் திறந்த கை, பேனாவைப் பிடிக்கவே கூசியது. சிக்னி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னடி, பரீட்சையா எழுதறே? ஒரு நம்பரைக் கிறுக்கிப் போடு!" கூட ஆராய்ச்சி செய்யும் டாரெல் தன் ஹெல்மெட்டை மல்லாத்தி நீட்டினான்.

இல்லினாயில் கிளம்பும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களின் கற்றை, மண்ணுக்கடியிலேயே பாய்ந்து மினசோட்டாவின் இந்தப் பழைய இரும்புச் சுரங்கத்துக்கு வந்து சேர்கிறது. ஒன்றும் உருமாறாமல் வந்தால் இங்குள்ள கருவியில் ஐந்நூறு சிக்க வேண்டும். எத்தனை சிக்கின என்பதற்குத்தான் இத்தனை வருடப் பாடு.

விடை தெரிந்துவிட்டால் கணக்குப் போடும் மனசு அந்தப் பக்கமே சாயும். அதனால் வேலை முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது. ப்ரொஃபசர் ஹாகன் விடையைக் கம்ப்யூட்டரில் பூட்டி, பூட்டைத் திறக்கும் கடவுச்சொல்லாகத் தன் நாயின் பெயரை வைத்திருந்தார். அந்த நாயைப் பெயர் சொல்லிக் கொஞ்சாத ஆள் சுரங்கத்தில் இல்லை.

நேற்று சிக்னி பார்த்துவிட்டாள். முந்நூற்றுப் பதினெட்டு. வெளியே தெரிந்தால் டாக்டர் பட்டம் போகும், பெயரும் போகும்.

இன்று பூட்டைத் திறக்கும் நாள். யூகம் கிட்டத்தில் வருகிறவருக்கு அந்த ஊர் ஏரிகளில் விளையும் காட்டரிசி ஒரு பை பரிசு. திருடியதும் இல்லாமல் பரிசு வேறா? வேண்டுமென்றே தள்ளி, நானூற்றுப் பத்து என்று எழுதிப் போட்டாள். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள்; அதற்குள் ஹெல்மெட் அடுத்தவரிடம் போய்விட்டது.

ஹாகன் சீட்டுகளைப் பிரித்தார். "முந்நூத்திப் பதினெட்டு... முந்நூத்திப் பதினேழு... இதுவும் பதினெட்டு..." போகப் போக அவர் குரல் இறங்கியது. கடைசிச் சீட்டு. "நானூத்திப் பத்து."

"எந்த அசடு அது?" டாரெல் சிரித்தான். சிக்னி மெல்லக் கையைத் தூக்கினாள்.

ஹாகன் நிஜ விடையைத் திரையில் போட்டார். நானூற்று நான்கு.

ஒருவர்கூடக் கை தட்டவில்லை. டாரெல் பேயறைந்தவன் போல் நின்றான்.

"நாய் பேர்ல பூட்டினது பொய்க் கணக்கு. நிஜத்தை வேற இடத்துல வெச்சிருந்தேன்." ஹாகன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அரிசிப் பையை எடுத்து வந்து சிக்னியின் அதே கையில் வைத்து அழுத்தினார்.

"எட்டிப் பார்க்காதவ நீ ஒருத்திதாம்மா."