மூன்றரை அடி

அவள் கரைக்கு வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை.

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மழைநீர்க் குளத்தைத் தூர்வாரும் வேலை. தண்ணீர் முழுக்க வற்ற இன்னும் நாலு மணி நேரம் ஆகும். கரையில் பொக்லைன் காத்துக்கொண்டு நின்றது.

வேலி போடும் இரும்புக் கம்பங்கள் அன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தன.

ஏழு வாரம் தாமதமாக.

"குளத்தைப் பாத்துக்கற என்ஜினீயர் நீங்கதானே சார்?"

திரும்பினான். ஹேமலதா. ஏழாவது மாடி. மித்ராவின் அம்மா.

"ஆமா மேடம்."

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்மண் கலங்கிய தண்ணீர். ஒரு சாண் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

"அன்னைக்கு இங்க எவ்வளவு ஆழம் இருந்தது?"

மூன்றரை அடி.

போலீசுக்கு எழுதிக் கொடுத்தவனே அவன்தான். சேற்றில் கால் புதைந்தாலும், வளர்ந்த ஒருவருக்கு மார்பைத் தாண்டியிருக்காது. ஐந்து வயது மித்ராவுக்குத்தான் அது ஆழம்.

அந்த அறிக்கையின் நகலை அவள் கணவர் கேட்டு வாங்கிக்கொண்டார். நின்றபடியே படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

வீட்டிலும் பேசவில்லை என்று இப்போது புரிந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாது சார். இதோ, இங்கதான் நின்னேன். கத்திக்கிட்டே நின்னேன். வாட்ச்மேன் கேட்ல இருந்து ஓடி வர்ற வரைக்கும்."

அவன் பம்பை நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தான். சத்தம் இருப்பதே நல்லது என்று தோன்றியது.

"நான் இறங்கியிருந்தா புடிச்சிருப்பேனா?"

பதினெட்டு வருட வேலையில் அவன் ஓர் அளவையும் மாற்றிச் சொன்னதில்லை. அரை அங்குலம்கூட.

"பத்தடி மேடம்," என்றான். "இறங்கியிருந்தா உங்களையும் சேத்துத்தான் தூக்கியிருப்போம்."

"பத்தடி."

மெல்லச் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எத்தனை நாளாக அடக்கி வைத்ததோ, தோள்கள் அப்படிக் குலுங்கின. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"தண்ணியெல்லாம் போனப்புறம் அடித்தரை தெரியும்ல சார்? பால்கனியில இருந்து ஒரு தடவை பாத்துக்கறேன். பாத்துட்டா தூக்கம் வரும்னு தோணுது."

"தெரியும் மேடம். சாயங்காலம் பாருங்க."

அவள் லிஃப்ட் பக்கம் நடந்தாள். கதவு மூடும்வரை நின்றான்.

பிறகு பொக்லைனிடம் போனான். முனிரத்தினம் சீட்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கம்பம் கிடக்குதுல்ல, அதுக்கு நேரா தோண்டு. பத்தடிக்கு."

"பிளான்ல நாலடிதானே சார்? அதுக்குக் கீழ சேறுகூடக் கிடையாது, வெறும் களிமண்ணு." டீயை ஒரு வாய் உறிஞ்சினான். "எதுக்கும் தண்ணி வத்தட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவன் ஏழாவது மாடியை அண்ணாந்து பார்த்தான். பால்கனிக் கதவு இன்னும் திறக்கவில்லை.

"வத்தறதுக்குள்ள தோண்டணும்," என்றான்.