ஏரித் தண்ணீரில் மஞ்சள் இழை

“அந்த மஞ்சள் ஜாக்கெட்ட மலையில போட்டியா இல்லையா, தம்பி?”

டாக்டர் பிரேமாவதி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“ஏர்போர்ட்டு கார் பார்க்குல நிறுத்துன காடியிலயே கெடந்துச்சு. நான் தொடவே இல்லலா,” என்றான் சிவநேசன். கூலிம் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு, இந்தச் சுங்கைப் பட்டாணி நகரத்து ஆய்வுக்கூடத்தில் குற்றவாளிபோல் நின்றான்.

பக்கத்தில் அவன் மனைவி தேவகி. சுமத்ரா மலையுச்சி ஏரியில் பிளாஸ்டிக் துகள் எவ்வளவு என்று ஆராய்பவள். தண்ணீர் எடுக்கப் போனபோது, தேனிலவாகவும் இருக்கட்டுமே என்று அவனையும் அழைத்துப் போயிருந்தாள்.

இப்போது எல்லாப் போத்தல்களிலும் மஞ்சள் பிளாஸ்டிக் இழைகள். ஒப்பிட்டுப் பார்க்க இங்கிருந்தே கொண்டுபோய் ஏரிக்கரையில் திறந்துவைத்த சுத்தமான தண்ணீரிலும் அதே இழைகள். அப்படியென்றால் அவை ஏரியில் இருந்தவை அல்ல. போனவர்கள் மேலிருந்து உதிர்ந்தவை.

“எதுலேர்ந்து உதிர்ந்துச்சுன்னு தெரிஞ்சா, அத மட்டும் கழிச்சிட்டு மீதிய எண்ணலாம். தெரியலன்னா எல்லாத்தையும் கொட்ட வேண்டியதுதான். சாயங்காலம் அறிக்கை போகணும்,” என்றார் பிரேமாவதி.

“மறுபடி பெர்மிட் குடுக்க மாட்டாங்க, டாக்டர். ஒரு வருஷ வேலை.” தேவகி போத்தல்களைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

“பருத்தித் துணி மட்டும்தான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பொண்டாட்டியோட மலையேறுற குஷியில காதுல விழல போல.”

சிவநேசன் விறுவிறுவென்று போய் ஜாக்கெட்டை எடுத்துவந்து மேசையில் போட்டான். “நீங்களே பாருங்க.”

பிரேமாவதி அதில் ஓர் இழையைப் பிரித்து வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. அவனுடைய துண்டு, தொப்பி, பையின் வார், எதுவும் பொருந்தவில்லை.

“நீ, தேவகி?”

“எல்லாம் பருத்திதான். தலைமுடி ரப்பரக்கூட கழட்டி வச்சிட்டுத்தான் போனேன்.”

பிரேமாவதி பெருமூச்சு விட்டு, முதல் போத்தலின் மூடியைத் திருகித் தொட்டியின் பக்கம் சாய்த்தார். தேவகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இருங்க,” என்றான் சிவநேசன். “அவ கழுத்துல உள்ளத யாரும் பாக்கலயே.”

தேவகியின் கை சட்டென்று தாலிக்கயிற்றை மூடியது. “என்னங்க பேசுறீங்க? அது மஞ்சள் பூசுன நூலு.”

“கழட்ட வேணாம். முடிச்சுக்குக் கீழ தொங்குற நுனியில ஒரு இழை போதும்.” பிரேமாவதி கத்தரியோடு வந்தார்.

இரண்டு இழைகளையும் பக்கம் பக்கமாக வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இதேதான். நைலான்.”

தேவகி முதல் போத்தலை எடுத்து மறுபடி மூடிவைத்தாள். ஒரு வருட உழைப்பு தப்பியது. பிரேமாவதியின் கோபம்தான் தணியவில்லை.

“பிளாஸ்டிக் ஆராய்ச்சி பண்ற பொண்ணுக்கு நைலான் கயித்த வாங்கிக் குடுத்த புத்திசாலி யாரு?”

தேவகி கயிற்றை மெல்ல உள்ளே தள்ளி மறைத்தாள். சிவநேசன்தான் வாயைத் திறந்தான்.

“இது இத்துப் போகாது, காலத்துக்கும் இருக்கும்னு கடைக்காரரு சொன்னதும், ‘அப்ப என் மருமகளுக்கு இதையே குடுங்க’ன்னு வாங்குனது நீங்கதாம்மா.”