உணவுச்செடி

தன் பெயரை மூன்று முறை படித்தாள்.

சரியாகத்தான் இருந்தது. பவுன்தாய். பள்ளிக்கூடத்தில் கேலிக்கென்றே பயன்பட்ட பெயர், லத்தீன் வால் முளைத்து, ஒரு அந்துப்பூச்சியின் பெயராகியிருந்தது.

இதுவரை யாரும் எழுதாத பூச்சி. இன்று காலை வெளியான கட்டுரை.

தவிட்டு நிற முன்சிறகு. ஓரத்தில் வெள்ளைக் கோடு. பின்சிறகை விரித்தால் மட்டும் மஞ்சள். இருப்பிடம், மேகமலையின் மேற்குச் சரிவு. எல்லாம் அவள் நோட்டில் இருந்த வரிகள்.

எழுதியவர், அவள் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் மட்டும்.

அவர் எதிரே உட்கார்ந்து ஜிலேபிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

எழுதியவர் இடத்தில் தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

“பூச்சிக்கு உன் பேரை வைக்கணும்னா எழுதினவங்கள்ல நீ இருக்கக் கூடாதும்மா. தன் பேரைத் தானே வச்சுக்கிட்டா ஊரு சிரிக்கும். எவ்வளவு பெரிய மரியாதை இது.”

வழக்கம் அதுதான். அவளுக்கும் தெரியும். அந்த வழக்கத்தை வைத்தே, கழுத்தில் மாலையைப் போட்டு வாசலுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டார்.

நான்கு வருடம். அட்டைக்கடியும் காய்ச்சலுமாக மலையேறியவள் அவள். இவர் ஒரே ஒருமுறை வந்தார், ஜீப் நின்ற இடத்திலிருந்தே திரும்பிப் போனார். அப்படியும் பெற்ற தகப்பனைப் போல நம்பியிருந்தாள்.

கட்டுரையின் கடைசி வரிக்கு வந்தாள். புழுவின் உணவுச்செடி தெரியவில்லை.

பிடித்து வைத்த பூச்சி பெட்டிக்குள் முட்டையிடும். புழு பொரிக்கும். நாவல் மரத்தில் பிடித்ததாயிற்றே என்று நாவல் இலையைப் போடுவாள். தொடாது. பட்டினி கிடந்து சாகும். நான்கு வருடமும் இதே கதை.

இன்று விடிந்ததும், அந்த மரக்கிளையில் ஒட்டி வளர்ந்திருந்த புல்லுருவியை ஒடித்துப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் இலையெல்லாம் பொத்தல்.

அதைச் சொல்லத்தான் மூச்சிரைக்க மலையிறங்கி வந்திருந்தாள்.

பேராசிரியர் ஜிலேபியை நீட்டினார். அடுத்த கட்டுரை புழுவைப் பற்றித்தான் என்றார். அதில் அவள் பெயர் கண்டிப்பாக இருக்குமாம்.

“என்னதான் திங்குது அது? ஏதாச்சும் தெரிஞ்சுதா?”

“இன்னும் இல்ல சார்.”

அவரிடம் அவள் சொன்ன முதல் பொய்.

உடனே நம்பிவிட்டார்.