மீச வந்தா மறஞ்சிடும்

அண்ணனுக்குப் பேசியிருந்த டோரிஸ் வீட்டார் பீடோரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்துகொண்டிருந்தார்கள்.

"ஐவி, அவங்க போற வரைக்கும் நீ அடுப்படியிலேயே இரு லா," என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

எனக்குத் தெரியாதா? என் உதட்டைப் பார்த்தால், குடும்பத்திலேயே இருக்கா என்று கேட்பார்கள். அப்புறம் அண்ணனின் மீசைக்குள் தேடுவார்கள்.

அண்ணன் பெர்னார்ட், நான், இரண்டு பேருமே பிளந்த உதட்டோடு பிறந்தவர்கள். இரண்டு பேருக்கும் ஈப்போவில்தான் தைத்தார்கள். அவனுக்கு மீசை முளைத்தது. அடர்த்தியாக, கறுகறுவென்று. தழும்பு இருந்த இடமே தெரியவில்லை. போட்டோவில் சினிமாக்காரன் மாதிரி இருந்தான்.

எனக்கு எஸ்டேட்டில் வைத்த 'மூளி' என்ற பேர் டவுனுக்கு வந்தும் விடவில்லை.

பொறாமைதான். வயிறு எரிந்தது. கூடப் பிறந்தவன் என்றால் எரியாதா என்ன?

சின்ன வயசிலும் அவனுக்குத்தான் யோகம். தையல் பிரித்ததும், தழும்பை எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சாயங்காலமானால் அம்மா என்னை மட்டும் பிடித்து மடியில் போட்டுக்கொள்வாள். கட்டைவிரலால் அழுத்துவாள். உயிர் போகும். அவன் வெளியே பந்து உதைத்துக்கொண்டிருப்பான்.

அவனுக்கும் தேய்க்கச் சொல்லிக் கத்துவேன். "அவன் ஆம்பளப் பிள்ள. மீச வந்தா மறஞ்சிடும்," என்பாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

பெர்னார்ட் குளியலறையிலிருந்து வந்தான். மீசையை ஒழுங்கு பண்ணப் போயிருப்பான், வேறென்ன வேலை. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இயேசுவே!" என்றாள் அம்மா.

மீசை இல்லை. சுத்தமாக மழித்திருந்தான். மேலுதட்டில் தழும்பு தடித்து, உதட்டையே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது. அதற்கு முன்னால் என்னுடையது வெறும் கோடு.

"தேத்தண்ணிய நீயே கொண்டு வா, ஐவி," என்றான்.

அம்மாவின் கட்டைவிரல் தானாக அவன் உதட்டுக்குப் போனது. இப்போது தேய்த்தாலும் போய்விடும் என்பதுபோல அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றான், அந்தத் தடிமாடு.

வாசலில் கூப்பிட்டார்கள். அவள் விரலை எடுக்கவில்லை.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு நடந்தேன். அப்போதும் வயிறு எரிந்தது.

அந்தக் கட்டைவிரல் என்னுடையது.