குருவின் காலடியில்

பத்மநாபபுரம் பக்கத்துக் குருகுலத்தில் சாயங்காலப் பாடம் ஒரே குரலாக எழுகிறது. ஓலை இடுக்கில் நுழைந்த வெயில் மணலில் கிடக்கிறது. ஆர்த்திகாவின் விரல் அதில் எழுத்தை இழைக்கிறது. அவளுடைய அப்பா நாகேந்திரன் மட்டிப்பழக் குலையைக் குருவின் முன்னால் வைத்துவிட்டு, சாணி மெழுகிய தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார். குரு குனிந்து அவர் தலைமேல் கை வைக்கிறார். "இங்கிலீஷ் பள்ளிக்கூடம் பிள்ளையளக் கெடுத்துரும்" என்று இந்தக் குரு சொன்னதை நம்பித்தான் போன வருஷம் மகளை அங்கிருந்து நிறுத்தி இங்கே சேர்த்தார். அவள் அழுத அழுகை அப்போது அவர் காதில் ஏறவில்லை. வாசலில் அந்தப் பள்ளிக்கூடத்தின் மஞ்சள் வேன் ஹாரன் அடிக்கிறது. பாலிஷ் மின்னும் இரண்டு கறுப்பு ஷூக்கள் ஓடிவந்து குருவின் வெறுங்கால்களுக்குப் பக்கத்தில், நாகேந்திரனின் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. "அப்பா, சயன்ஸ்ல நாந்தான் ஃபர்ஸ்ட்!" "ஷூவ வெளிய கழத்தீட்டு வரப்பிடாதா மக்கா?" என்று தன் மகளிடம் கொஞ்சுகிறார் குரு. அவருடைய வலது கை நாகேந்திரனின் தலைமேல் ஆசீர்வாதமாக அப்படியே இருக்கிறது. பாடம் தொடர்கிறது, அதில் ஆர்த்திகாவின் குரல் மட்டும் இல்லை. "போதும், எந்திரியும்" என்கிறார் குரு. நாகேந்திரன் எழவில்லை. எழுந்தால் ஆர்த்திகாவைப் பார்க்க வேண்டும்.