ஒரு சொல்லும் புரியாது

“இந்த மலையில் வேலை செய்கிறவர்கள் தமிழர்கள். அவர்கள் பேசுவதில் எனக்கும் இந்த டிரைவர் கசுனுக்கும் ஒரு சொல்லும் புரியாது” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார் மேனேஜர் சந்தன. வேனில் இருந்த வெள்ளைக்காரர்களும் சிரித்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்த கசுனும் சிரித்துவைத்தான்.

கசுன் என்பது அவன் சட்டைப்பையில் இருந்த துறைமுக அனுமதிப் பாஸில் எழுதியிருந்த பெயர். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் கப்பல் பயணிகளை ஊர் சுற்றிக் காட்டும் அந்தக் கம்பெனி, யுத்த காலத்தில் தமிழ்ப் பையன்களை வேலைக்கு எடுப்பதில்லை. அரநாயக்கப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த கஜேந்திரனுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. கள்ளப் பாஸ் ஒன்று செய்து கசுனாகிவிட்டான்.

பிடிபட்டால் வேலை மட்டுமா போகும்? தொண்ணூற்றேழாம் வருடத்தில், கள்ளப் பெயரோடு துறைமுகத்துக்குள் போய்வந்த தமிழனை யார் சும்மா விடுவார்கள்? “யாராவது கூட இருந்தா என்னயத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவன்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷமாக வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இன்றைக்கும் யானை பார்க்கத்தான் புறப்பட்டார்கள். வழியில் மண் சரிந்து பாதை மூடிக்கிடந்தது. “மேலே ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது, அங்கே திருப்பு” என்றார் மேனேஜர் சிங்களத்தில். போயும் போயும் அது அவன் பிறந்த தோட்டம்.

வேன் நின்ற இடத்துக்கு மேலேயே பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடு நிரையில் இருளாயி, அவனைப் பெற்றவள். கஜேந்திரன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டான்.

பக்கத்து நிரைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். “ஏன்க்கா, அது நம்ம...”

“வேலயப் பாருடி. அவுங்க யாரோ” என்றாள் இருளாயி, கொழுந்திலிருந்து கையை எடுக்காமல். இரண்டடி தள்ளி நின்ற மேனேஜர் மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியாது என்பதுதான் கஜேந்திரனுக்கு அந்த நேரத்து ஆறுதல்.

அதற்குள் அடுத்த வினை வந்தது. வேனிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், சப்பாத்து நாடாவைக் கட்டுவதற்காக நிரையோரத்துக் கல்லில் உட்காரப் போனார். அது கவ்வாத்துச் சாமி. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில்தான் அதற்குப் பொட்டும் பூவும். மற்ற நாளில் மழை கழுவிய வெறுங்கல், வெளியாள் எவனுக்கும் சாமி என்று தெரியாது.

தடுத்தால் குட்டு உடைந்துவிடும். ‘சாமி, மன்னிச்சுக்க’ என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டான். நல்ல வேளையாக மேனேஜரே ஓடிப்போய்க் கிழவரின் கையைப் பிடித்தார்.

“அங்கே வேண்டாம், அட்டை கடிக்கும்” என்று சொல்லிப் பக்கத்துக் கல்லில் உட்காரவைத்தார். கண்ணில் படாத அந்த அட்டைக்கு மனசார நன்றி சொன்னான் கஜேந்திரன்.

கேமராவோடு வந்த பெண்மணிக்கு இருளாயியைப் பிடித்துப்போயிற்று. “கசுன், நீயும் அந்த அம்மா பக்கத்தில் நில்” என்றாள். மறுக்க வழியில்லை, போய் நின்றான்.

இருளாயி அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. “இப்படி நின்றால் போதுமா, மாத்தயா?” என்று சிங்களத்தில் கேட்டாள். பெற்ற பிள்ளையை ஐயா என்று கூப்பிடுகிறாளே என்று நினைத்தபடி கேமராவையே பார்த்து நின்றான்.

படம் எடுத்துவிட்டு அந்தப் பெண்மணி கேமராவை இறக்கினாள். “அட, இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு” என்றாள்.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் பார்வை கீழே இறங்கியது. கூடையின் மறைவில் இருளாயியின் கை, மகனின் சட்டை நுனியை இறுகப் பிடித்திருந்தது. படம் எடுத்து முடிந்தும் அவள் அதை விடவில்லை.

“போதும், கப்பலுக்கு நேரமாகிறது. எல்லாரும் ஏறுங்கள்” என்றார் மேனேஜர். அவர் முகத்தில் சிரிப்பு செத்துப்போயிருந்தது.

ஒரு வளைவுதான் இறங்கியிருப்பார்கள். கீழே ரோட்டில் ஆமி செக்பொயின்ட் தெரிந்தது.

“நிறுத்து. என்னோடு இறங்கி வா” என்றார் மேனேஜர் சிங்களத்தில். வேனுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கையை நீட்டினார். “பாஸைக் கொடு.”

கொடுத்தான். மேனேஜர் பாஸை ஒரு முறை பார்த்தார், கீழே துப்பாக்கியோடு நின்றவர்களை ஒரு முறை பார்த்தார்.

“இதில் கசுன் என்று இருக்கிறது. உன் அம்மா உனக்கு வைத்த பெயர் என்ன?”

எல்லாம் முடிந்தது என்று கஜேந்திரனுக்குத் தெரிந்துவிட்டது. ஓடலாம், இன்னொரு பொய் சொல்லலாம். ஆனால் பெற்றவளை ஒரு தடவை யாரோ ஆக்கியது போதும் என்றிருந்தது அவனுக்கு.

“கஜேந்திரன்” என்றான்.

மேனேஜர் பாஸை அவன் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினார். வேனை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு எங்கம்மா வச்ச பேரு அழகமுத்து. ஓடுங்க தம்பி, அம்மா இன்னும் அங்கதான் நின்னுக்கிட்டு இருப்பாங்க.”